ஊட்டி மலர்க் கண்காட்சியில் விழிதியூர் விவசாயிக்கு என்ன பாடம்?

சித்திரை முடிந்து கத்திரி வெயில் காயும் நாட்களில் விழிதியூர்ப் பக்கத்து வயல்களில் உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்திருக்கும். பருத்தி போட்டவர்களுக்கு மட்டும் வயலில் வேலை இருக்கும். மற்றவர்கள் மேட்டூர் எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று பார்த்துக் கொண்டிருப்பார்கள். வெளியூர் போய்வர இதுவே தோதான காலம். இதே மே மாதத்தில்தான் நீலகிரி மலைமேல் உதகமண்டலத்தில், அதாவது நாம் ஊட்டி என்று சொல்லும் ஊரில், கோடை மலர்க் கண்காட்சி நடக்கிறது.

"பூவைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அங்கே வளர்கிற பூ நம் மண்ணில் வளருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அங்கே காணும் பூக்களில் பெரும்பாலானவை நம் கடற்கரைப் பகுதிக்கு ஒத்துவராதவைதாம். ஆனால் அத்தனை செடிகளையும் ஒரே வாரத்தில் பூக்கும்படி செய்திருக்கிறார்களே, அந்த வேலை முறை நம் ஊர்ச் செண்டுமல்லிக்கும் பொருந்தும், மல்லிகைக்கும் பொருந்தும். பூச்சாகுபடியில் எவ்வளவு பூ வந்தது என்பதைவிட எந்த நாளில் வந்தது என்பதே கையில் நிற்கும் பணத்தைத் தீர்மானிக்கிறது. திருவிழாவுக்கு முதல் நாள் பறித்த கூடைக்கும், திருவிழா முடிந்து மூன்றாம் நாள் பறித்த கூடைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, பூ விற்றவர் எவரும் மறக்க மாட்டார்.

ஆகவே, ஊட்டிக்குப் போகிற விவசாயி அங்கே கற்க வேண்டியது பூவின் பெயரை அல்ல, நாள் கணக்கை. அதை எப்படிப் பார்ப்பது, ஊர் திரும்பியதும் எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே காண்போம்.

கண்காட்சியின் வரலாறு

கண்காட்சி நடைபெறும் அரசு தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா மலைச் சரிவில் ஏறக்குறைய 55 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. இது தொடக்கத்தில் பூந்தோட்டமாக இருக்கவில்லை. ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் சந்தா போட்டு, தங்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைப்பதற்காக வைத்த தோட்டம் அது. 1848ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் பொறுப்பேற்று, சதுப்பும் சரிவுமாகக் கிடந்த நிலத்தைப் படிப்படியாகப் பூங்காவாக மாற்றினார். இன்று தமிழ்நாடு அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இதைப் பராமரித்து வருகிறது.

மலர்க் கண்காட்சி 1896ஆம் ஆண்டு தொடங்கியது. நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995ஆம் ஆண்டு ஊட்டியிலேயே தனியாக ஒரு ரோஜாப் பூங்கா அமைக்கப்பட்டது. 127ஆவது கண்காட்சி 2025ஆம் ஆண்டு மே 15 முதல் 25 வரை நடைபெற்றது. அந்த ஆண்டில் சோழர் கால அரண்மனையைப் பூக்களாலேயே அமைத்திருந்தார்கள். கோடை விழாவின்போது கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கூடலூரில் வாசனைப் பொருள் கண்காட்சியும் வெவ்வேறு நாட்களில் நடப்பது வழக்கம்.

போய்வரும் வழி

காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் செல்லும் ரயில் நாகை, தஞ்சை, திருச்சி, ஈரோடு வழியாகக் கோவைப் பக்கம் செல்கிறது. பேருந்தில் செல்வோர் தஞ்சை அல்லது திருச்சி போய் அங்கிருந்து கோவைக்கு வண்டி மாறலாம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு அரசுப் பேருந்துகள் உள்ளன. மேட்டுப்பாளையத்திலிருந்து செல்லும் மலை ரயில் பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் அது மலையேறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஒரே நாளில் கண்காட்சியைப் பார்த்துத் திரும்ப நினைப்பவர்கள் பேருந்திலேயே ஏறிவிடுவது நல்லது.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போவதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்ட நெரிசலைக் குறைப்பதற்காக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இது தேவையில்லை. வேனில் செல்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே விசாரித்து அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கும் பாட்டில்களுக்கும் மலையில் தடை இருப்பதால், குடிதண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டு போகலாம்.

சனி, ஞாயிறு நாட்களைத் தவிர்த்து, வார நாளில் காலையில் பூங்கா திறந்தவுடனே உள்ளே போய்விட வேண்டும். மே மாதத்தில் அங்கே பிற்பகலில் மழை வருவது உண்டு. கூட்டம் சேருவதற்கு முன்னால் போனால்தான் தோட்டப் பணியாளர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேச முடியும். கம்பளிச் சட்டையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெண்களையும் அழைத்துப் போங்கள். பூப் பறிப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பதால், எந்தப் பூ வாடாமல் நிற்கும், எது கட்டுக்கு வரும் என்பதை அவர்களே சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

தோட்டத்தில் என்ன பார்ப்பது?

பூங்காவில் நுழைந்ததும் அலங்காரங்களே முதலில் கண்ணில் படும். பூக்களால் கட்டிய கோபுரங்களையும் உருவங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, காட்சி மாடத்துக்கு வாருங்கள். அங்கே பல ஆயிரம் தொட்டிகள் படி வரிசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பெட்டூனியா, பேன்சி, சால்வியா, டேலியா, பிகோனியா, சினரேரியா என்று பல வகைகள். அவற்றுக்கிடையே நமக்குப் பழக்கமான செண்டுமல்லியின் குட்டை ரகமும் இருக்கும்.

ஒரு தொட்டியின் முன்னால் நின்று கவனியுங்கள். பக்கத்துத் தொட்டியும் அதே உயரம். அதற்கடுத்ததும் அதே உயரம். எல்லாவற்றிலும் பூக்கள் ஒரே அளவில் விரிந்திருக்கின்றன. இது தானாக அமைவதில்லை. இதற்குப் பின்னால் நான்கு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, விதைக்கும் நாள். மே மாதக் கண்காட்சிக்கான விதைப்பும் நாற்று நடவும் குளிர்காலத்திலேயே, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் விதை போடுவதில்லை. பூக்க அதிக நாள் பிடிக்கும் செடியை முதலிலும், குறைந்த நாளில் பூப்பதைப் பிறகும் விதைக்கிறார்கள். புறப்படும் நாள் வேறு. போய்ச் சேரும் நாள் ஒன்று.

இரண்டாவது, பாதுகாப்பு. அந்த மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும். இளஞ்செடி கருகிவிடும். அதனால் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளை நட்டும் பரப்பியும் நாற்றுகளை மூடிக் காப்பாற்றுகிறார்கள். பக்கத்து மலையில் கிடைக்கும் தழையே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. நமக்கு எதிரி உறைபனி அல்ல. கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும்தான். நாற்றங்காலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு நிழல் தருவது அதே வேலையை நம் முறையில் செய்வதுதான்.

மூன்றாவது, முனை கிள்ளுதல். செடி நெட்டையாக ஓடிச் சீக்கிரமே ஒரு பூவைக் காட்ட விடாமல், நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஒரு பூ வருகிற இடத்தில் பல பூக்கள் வரும். செடிகளும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

நான்காவது, தரம் பிரித்தல். வளர்த்த தொட்டிகள் எல்லாமே மாடத்துக்கு வந்துவிடுவதில்லை. நோஞ்சான் செடிகளை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள். மாடத்தில் ஒரு தொட்டி வாடினால் மாற்றி வைக்க மறு தொட்டி தயாராக இருக்க வேண்டும். ஆகவே, தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே நாற்று வளர்க்கப்படுகிறது. நம்மில் பலர் நாற்று வீணாகக் கூடாது என்று நல்லதையும் சோடையையும் சேர்த்தே நட்டுவிடுகிறோம். பிறகு வயலில் பாதிச் செடி பூக்கும்போது மீதிச் செடி பார்த்துக்கொண்டு நிற்கும்.

அருகில் பணியாளர் எவராவது இருந்தால், "ஐயா, இந்தச் செடிக்கு என்றைக்கு விதை போட்டீர்கள்? என்றைக்குத் தொட்டிக்கு மாற்றினீர்கள்? எத்தனை முறை கொழுந்து கிள்ளினீர்கள்?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடைகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பத்துச் செடிகளுக்கு இப்படிக் குறித்தாலே பயணச் செலவு வீண்போகவில்லை என்று சொல்லலாம்.

பூங்காவில் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதாகச் சொல்லப்படும் கல்லான மரத்துண்டு ஒன்று கிடக்கிறது. தோடர் மக்களின் குடியிருப்பான மந்து ஒன்றும் பூங்காவை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. நேரம் இருந்தால் இவற்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

வாங்கி வரக் கூடாதவை

கண்காட்சிக் காலத்தில் ஊட்டிக் கடைத்தெருவில் நாற்றுகள், கிழங்குகள், விதைப் பொட்டலங்கள் ஏராளமாக விற்கும். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது.

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் அங்கே பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியசுக்குள் அடங்கிவிடும். இரவில் போர்வை வேண்டும். காரைக்காலோ கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள ஊர். மே மாதப் பகல் 35 டிகிரியைத் தாண்டும். இரவிலும் புழுக்கம் போகாது. கார்னேஷன், லில்லியம், சினரேரியா போன்றவற்றுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். அவற்றைக் கொண்டுவந்து நம் கொல்லையில் நட்டால் செடி சில வாரம் உயிரோடு நிற்கலாம். விற்கக்கூடிய பூ தராது. பசுமைக்குடில் போட்டு வளர்க்கலாமே என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பசுமைக்குடில் மழையைத் தடுக்கும். ஆனால் நம் வெயிலில் குடிலுக்குள் சூடு வெளியே இருப்பதைவிட அதிகமாகும். குளிரூட்டச் செலவு செய்து சிறு விவசாயி மீள முடியாது. கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம்.

நமக்கு ஏற்ற பூக்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, சம்பங்கி, அரளி, நந்தியாவட்டை, மல்லிகை, முல்லை ஆகியவை வெயிலைத் தாங்கும். இவற்றுக்கு ஊட்டிப் பாடத்தைப் பொருத்துவதே அறிவுடைமை.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

விழிதியூரைச் சுற்றிலும் பூவுக்குத் தேவை உள்ள ஊர்கள் பல. காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா, திருநள்ளாற்றில் சனிக்கிழமைதோறும் கூட்டம், நாகூரில் கந்தூரி, வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, பிறகு ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல். இவற்றில் எந்த நாளுக்குப் பூ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளை எண்ண வேண்டும்.

துலுக்கச் சாமந்தி என்றும் சொல்லப்படும் செண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். இதன் கணக்கு எளிது. நாற்றங்காலில் 30 நாள். நட்ட பிறகு 60 முதல் 65 நாளில் பறிப்புக்கு வரும். அதன் பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை பறித்து வரலாம். முதல் இரண்டு மூன்று பறிப்புகளில் பூ குறைவாகவே இருக்கும். எனவே விழாவுக்கு 15 நாள் முன்னதாகவே முதல் பூ வரும்படி பார்த்துக்கொண்டால், விழா நாளில் வயல் நிறைந்த பறிப்பில் இருக்கும். மேகமூட்டத்தால் நாலைந்து நாள் தள்ளிப்போனாலும் கவலையில்லை.

வேளாங்கண்ணித் திருவிழா தேதி மாறாதது. ஆகஸ்ட் 25ஆம் தேதி முதல் பூ வர வேண்டுமானால், 60 நாள் பின்னே ஜூன் 26இல் நடவு. அதற்கு 30 நாள் முன்பு மே 27இல் விதைப்பு. அதாவது, ஊட்டியிலிருந்து திரும்பி வந்த கையோடு நாற்றங்கால் போட வேண்டும்.

ஆயுத பூஜை ஆண்டுக்கு ஆண்டு மாறும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நான்காம் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் அது அக்டோபர் 15இல் வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் பூ அக்டோபர் 1இல் வேண்டும். நடவு ஆகஸ்ட் 2. விதைப்பு ஜூலை 3. நடவு நாள் ஆடிப் பதினெட்டை ஒட்டி வருகிறது பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பருவத்தோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பே நல்ல பறிப்புகள் கைக்கு வந்துவிடும்.

பொங்கலுக்கு இதே கணக்கைப் போட்டால் நடவு அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் என்று வரும். காரைக்காலில் அது கனமழைக் காலம். தண்ணீர் நிற்காத திடலும் உயரமான பாரும் இருந்தாலொழிய அதில் இறங்கக் கூடாது. செண்டுமல்லி வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. நாள் கணக்கு எண்ணும்போது மழைக் கணக்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஒரு மாவுக்குச் சாகுபடி முறை

ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான ஒரு மா நிலத்துக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி கணக்கிட்டால் பின்வருமாறு வரும்.

விதை: எம்.டி.யு.1 போன்ற ரகத்துக்கு ஹெக்டேருக்கு 1.5 கிலோ வீதம், மாவுக்கு 200 கிராம். கலப்பின விதையானால் இவ்வளவு தேவைப்படாது. பொட்டலத்தில் குறித்துள்ள அளவைப் பின்பற்ற வேண்டும். விதையை அசோஸ்பைரில்லத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து நேர்த்தி செய்து, மேட்டுப்பாத்தியில் வரிசையாக விதைக்க வேண்டும்.

அடியுரம்: ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம், 45 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல்சத்து என்பது பரிந்துரை. இதன்படி மாவுக்குத் தொழு உரம் 3.3 டன், யூரியா 13 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 75 கிலோ, பொட்டாஷ் 17 கிலோ. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவுப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

நடவு: 45 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, செடிக்குச் செடி 35 செ.மீ. விட்டு நட வேண்டும். மாவுக்கு ஏறத்தாழ 8,400 நாற்று பிடிக்கும். மாலை நேரத்தில் நட்டு உடனே தண்ணீர் கட்டுங்கள். ஒரே உயரமுள்ள, தண்டு திடமான நாற்றுகளையே எடுக்க வேண்டும். மிஞ்சியதில் நல்லவற்றைப் போக்கிடம் நிரப்ப ஒரு வாரம் வைத்திருக்கலாம்.

முனை கிள்ளுதல்: நட்ட 30ஆம் நாள் நுனிக் கொழுந்தைக் கிள்ள வேண்டும். மேற்கண்ட ஆயுத பூஜைக் கணக்கில் இது செப்டம்பர் 1இல் வரும். மனம் வராமல் சிலர் விட்டுவிடுவதுண்டு. கிள்ளாத செடி சில நாள் முன்னதாகப் பூக்கும். ஆனால் பூ குறையும், காற்றில் செடியும் சாயும்.

மேலுரம்: நட்ட 45ஆம் நாள், மாவுக்கு யூரியா 13 கிலோ இட்டு மண் அணைத்து நீர் பாய்ச்ச வேண்டும்.

நீர்: கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். உப்புத் தண்ணீரில் நாற்று முதல் வாரத்திலேயே நுனி கருகும். விதை வாங்குவதற்கு முன்பே தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்துவிடுவது உத்தமம். குளத்துத் தண்ணீர் வசதி இருந்தால் நாற்றங்காலுக்காவது அதைப் பயன்படுத்துங்கள்.

பூச்சி: வறண்ட நாட்களில் இலை அடியில் சிவப்புச் சிலந்தி வரும். இலை மங்கிச் சாம்பல் பூத்தது போலானால் உடனே இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மருந்தையும் அளவையும் வேளாண் அலுவலரிடம் கேட்டு அடிக்கலாம்.

பறிப்பு: காலை வெயில் ஏறுவதற்கு முன் பறித்து நிழலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூ அழுகும்.

பூ முடிந்த பிறகு செடியை அங்கேயே மடக்கி உழுதுவிடலாம். செண்டுமல்லியின் வேர் மண்ணிலுள்ள நூற்புழுவைக் கட்டுப்படுத்துவதால், அடுத்து வரும் கத்தரிக்கும் தக்காளிக்கும் நன்மை உண்டு.

மல்லிகைக்குக் கவாத்தே நாள் கணக்கு

மல்லிகை ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி. அதற்கு விதைப்பு நாள் கிடையாது. ஆனால் கவாத்து நாள் உண்டு. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து உரமிட்டால், புதுத் துளிர் வந்து மார்ச் மாதத்திலிருந்து அரும்பு கிடைக்கும். கவாத்தைத் தள்ளிப்போட்டால் அரும்பும் தள்ளிப்போகும். பங்குனி, சித்திரை முகூர்த்தங்கள் கைவிட்டுப் போகும். நம் பகுதியில் நவம்பர் மழைக்காலமாதலால், முதலில் வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

எல்லாப் பூவும் நாள் எண்ணிக்கைக்கு இதுபோல் அடங்கிவிடாது. சாமந்தி எனப்படும் சிவந்தி, பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் மொட்டு விடும். எப்போது நட்டாலும் அது பொழுதைப் பார்த்தே பூக்கும். அதை நட விரும்புபவர்கள் தனியாக விசாரித்துச் செய்வது நல்லது.

இறங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

ஊரில் எல்லோரும் ஒரே நாளுக்கு ஒரே பூவை நட்டால் விலை விழுந்துவிடும். பூ நெல்லைப் போல் பத்தாயத்தில் கிடக்காது. அன்றைக்கே போக வேண்டும். ஆகவே விதை வாங்குவதற்கு முன்பே காரைக்கால், திருநள்ளாறு, நாகூர், நாகைப் பூக்கடைகளுக்குப் போய், எந்த வாரத்தில் எவ்வளவு பூ எடுப்பார்கள், இப்போது எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். முதல் ஆண்டில் ஒரு மாவுக்கு மேல் போக வேண்டாம். அதையும் இரண்டாகப் பிரித்து, பாதியை வேளாங்கண்ணிக்கும் பாதியை ஆயுத பூஜைக்கும் நடலாம். ஒன்றில் விலை தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும். நெல்லை விட்டுவிட்டுப் பூவுக்கு மாறச் சொல்லவில்லை. நெல் ஏறாத மேட்டுக்கொல்லையில், வீட்டுக் கையாளைக் கொண்டு, கைச்செலவுக்கு ஒரு வருமானம் என்ற அளவில் இதைக் கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கு அருகிலேயே

ஊட்டி வரை போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் அமைத்த புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. காரைக்காலிலும் சில ஆண்டுகளில் பொங்கலை ஒட்டி இத்தகைய கண்காட்சி நடந்திருக்கிறது. அங்கேயும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் வெயிலில், நம் மண்ணில் வளர்ந்த செடி என்பதால் அங்கே கிடைக்கும் விடை இன்னும் நேராகப் பயன்படும். மண், நீர், ரகம் பற்றிய ஐயங்களுக்கு மாதூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், 1987இல் தொடங்கப்பட்ட காரைக்கால் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம்.

ஊட்டிக்குப் போய்த் திரும்பியவர்கள் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடாமல், அதன் அடுத்த பக்கத்தில் விழா நாளை மேலே எழுதி, அதன் கீழே முதல் பூ, மேலுரம், முனை கிள்ளுதல், நடவு, விதைப்பு என்று ஒவ்வொரு தேதியாகப் பின்னோக்கி எழுத வேண்டும். கடைசி வரியில் வரும் தேதிக்கு நாற்றங்கால் பாத்தி தயாராக இருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு நட நினைப்பவர்களுக்கு அந்தத் தேதி கத்திரி முடிவதற்குள்ளேயே வந்துவிடும்.